சாக்கு மூட்டையில் வரும் தெருநாய்கள்

நாய் கடித்த செய்தி ஒன்று வந்துவிட்டால் போதும், தமிழ்நாடு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி "எல்லாத்தையும் பிடிச்சுக் கொன்னு போடுங்க" என்னும். இன்னொரு கட்சி "அதுவும் ஒரு உயிர்தானே" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். டிவிக்காரர்கள் இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு மணி நேரம் கத்தவிட்டு, விளம்பரக் காசை எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் காலையில் அதே தெரு, அதே நாய், கூடவே நாலு புதுக் குட்டி.

அந்த நாலு குட்டி எங்கேயிருந்து வந்தது?

இந்த ஒரு கேள்வியை மட்டும் இரண்டு கட்சியும் கேட்பதே இல்லை. கேட்டால் பதில் கொஞ்சம் அசிங்கமாக வரும். தெருவில் திரிகிற நாய் எல்லாமே தெருவில் பிறந்தவை அல்ல. அவற்றில் ஒரு பங்கு காம்பவுண்டு சுவருக்குள், பேர் வைத்து, பால் ஊற்றி வளர்த்த நாயின் வயிற்றிலிருந்து வந்தவை. வீட்டுக்காரர் மனசாட்சி உறுத்தாத நேரமாகப் பார்த்து, அதாவது விடிகாலை நாலரை மணிக்கு, சாக்கு மூட்டையில் கட்டி வண்டியில் வைத்துக் கொண்டுபோய் விட்டவை.

எங்கே விடுவார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சந்தைப்பேட்டை, மீன் மார்க்கெட், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், பரோட்டா கடை இருக்கிற முக்கு, கோயில் வாசல். "அங்கே சாப்பாடு கிடைக்கும்ல" என்பது அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்கிற சமாதானம். கிடைக்கும்தான். கூடவே லாரியும் வரும், கொதிக்கிற எண்ணெயும் வரும், மற்ற நாய்களும் வரும். அதையெல்லாம் பார்க்க வீட்டுக்காரர் நிற்பதில்லை.

மூட்டைக்குள் இருப்பவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். குட்டி கேட்டு வருகிறவர் எல்லாம் சொல்லி வைத்ததுபோல ஒன்றையே கேட்பார். "அண்ணே, கடுவன் இருந்தா குடுங்கண்ணே, பொட்டை வேணாம்." ஏன் வேணாம்? அது குட்டி போடும், தொல்லை. ஆக கடுவன் எல்லாம் வீடுகளுக்குப் போகும், பெட்டை எல்லாம் தெருவுக்குப் போகும். குட்டி போடும் என்று பயந்து எதை ஒதுக்குகிறார்களோ, அதையே குட்டி போடுவதற்கு வசதியான இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இதைவிடச் சிறப்பாகத் தெருநாய் வளர்ப்புத் திட்டம் ஒன்றை அரசாங்கமே நினைத்தாலும் போட முடியாது :-)

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் ஆரம்பித்து 50 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பதேதான். இந்தக் காலத்தில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவைக்கிற வாடகை இதைவிட அதிகம். பெட்ரோல் செலவையும் சேர்த்தால்கூட, ஒரு மூட்டைக் குட்டியைத் தெருவில் கொட்டுவதற்கு ஆகிற செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. அதே நாய்க்குத் தனியார் கிளினிக்கில் கருத்தடை ஆபரேஷன் செய்யவேண்டுமென்றால் சில ஆயிரங்கள். மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை, தையல், அப்புறம் கழுத்தில் மாட்டுகிற அந்தப் புனல் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில். மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கிற வீட்டில் நாய்க்காக ஐயாயிரம் எடுத்து வைப்பார்கள் என்று யாராவது நினைத்தால், அவர் பலசரக்குக் கடைக்குப் போய் ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

கையில் இரண்டு விலைச்சீட்டு இருக்கிறது, ஒன்றில் நூறு, இன்னொன்றில் ஐயாயிரம். மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. தப்பான காரியத்தை மலிவாகவும் சரியான காரியத்தை எட்டாத விலையிலும் வைத்துவிட்டு, "மக்களுக்குப் பொறுப்பில்லை" என்று உபதேசம் செய்வது வெட்டிவேலை.

இதில் இன்னொரு வேடிக்கை. 2001-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் நாய்களை இரண்டாகப் பிரித்தன: வீட்டு நாய், தெரு நாய். தெரு நாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியும் தொண்டு அமைப்புகளும் பார்க்கவேண்டிய வேலை. வீட்டு நாயின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது, தடுப்பூசி போடுவது, கருத்தடை செய்வது, லைசென்ஸ் எடுப்பது எல்லாம் வளர்க்கிறவரின் பொறுப்பு. 2023-ல் வந்த புதிய விதிகளும் இந்தப் பொறுப்பை வளர்க்கிறவர் தலையில்தான் வைத்தன. பேப்பரில் பிரமாதம். இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டி "உங்க ஜிம்மிக்கு ஆபரேஷன் பண்ணியாச்சா சார்?" என்று கேட்டதுண்டா? ம்ஹூம். வண்டி தெருவில் இருக்கிற நாயைத்தான் துரத்தும். கேட்டுக்குள் இருக்கிற தொழிற்சாலை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, "கொன்னுடுங்க" கட்சிக்கு வருவோம். இந்தக் கட்சிக்கு நல்ல பாடம் சொல்லக்கூடிய ஊர் சென்னைதான். ஏனென்றால் அவர்கள் கேட்பதை இந்த ஊர் நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்து பார்த்துவிட்டது. பழைய மெட்ராஸ் கார்ப்பரேஷனின் நாய் வண்டியைப் பார்த்து பயந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பி வளையம் போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள், பின்னாளில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். ப்ளூ கிராஸ் அமைப்பு தரும் கணக்குப்படி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு நாய்கூட விழாத இந்த வேலை, 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய் வரைக்கும் போயிற்று. கவனிக்க வேண்டியது இதுதான். கொல்லக் கொல்ல எண்ணிக்கை குறைந்திருந்தால், கொல்லவேண்டிய நாயும் வருடா வருடம் குறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். ஒரு வியாபாரி நூறு வருடமாக நஷ்டக் கணக்கு எழுதிவிட்டு, "இன்னும் கொஞ்சம் முதல் போட்டால் லாபம் வந்துடும்" என்றால் சிரிக்கமாட்டார்களா?

அதே ப்ளூ கிராஸ்தான் (கேப்டன் சுந்தரம் குடும்பம் 1959-ல் தொடங்கியது) 1964-லேயே "கொல்லாதீர்கள், கருத்தடை செய்து விடுங்கள்" என்று சொல்ல ஆரம்பித்தது. கார்ப்பரேஷன் அதைக் காதில் வாங்கியது 1996-ல். 32 வருடம்! முதலில் தென்சென்னையில் மட்டும் சோதனையாகச் செய்து, பிறகு மற்ற பகுதிகளுக்கும் விரித்தார்கள். 1996-ல் சென்னையில் 120 ஆக இருந்த ரேபிஸ் சாவுகள் 2007-ல் 5 ஆகக் குறைந்தன என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. தடுப்பூசியும் சேர்த்துப் போட்டதால் வந்த பலன் அது. ஜெய்ப்பூரிலும் இதே கதை. 1994 கடைசியில் தொடங்கி எட்டு வருடம் விடாமல் செய்தார்கள், பெட்டை நாய்களில் 65 சதவிகிதத்துக்குக் கருத்தடை ஆனது, நாய்களின் எண்ணிக்கை 28 சதவிகிதம் குறைந்தது, திட்டம் நடந்த பகுதியில் மனித ரேபிஸ் சாவே இல்லாமல் போனது. பக்கத்து நாடான பூடான் 2009-ல் ஆரம்பித்து 2023 அக்டோபரில், திரிகிற நாய் அத்தனைக்கும் கருத்தடை முடித்துவிட்டதாக அறிவித்தது. அங்கே ஒன்றரை லட்சம் நாய்களுக்கு ஆபரேஷன் செய்ததோடு நிற்கவில்லை. வீட்டு நாய்கள் 32 ஆயிரத்துக்கு மைக்ரோசிப்பும் வைத்தார்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை.

அப்படியென்றால் ஏபிசி வந்து இத்தனை வருடம் கழித்தும் சென்னையில் ஏன் இந்தக் கதி? 2024-ல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் 1.8 லட்சம் என்று வந்தது. 2018-ல் எடுத்தபோது 57 ஆயிரம் சொச்சம். (எண்ணிய முறை வேறு, ஆகவே மூன்று மடங்கு ஆகிவிட்டது என்று அலறவேண்டாம். ஆனால் குறையவில்லை என்பதைத் தெருவில் இறங்கினாலே பார்க்கலாம்.) அந்த 1.8 லட்சத்தில் கருத்தடை ஆனவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கேதான் கணக்கு உதைக்கிறது.

கொஞ்சம் பொறுமையாக ஒரு கணக்கு போடலாம். விலங்குநல போஸ்டர்களில் "ஒரு ஜோடி நாய் ஆறு வருடத்தில் 67 ஆயிரம் நாய் ஆகும்" என்று ஒரு எண் வரும். அது சும்மா பயமுறுத்துகிற எண். பிறக்கிற குட்டி ஒன்றுகூட சாகாது என்று வைத்துக்கொண்டு பெருக்கியது. நிஜம் வேறு. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 95 ஈத்தில் பிறந்த 364 குட்டிகளில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவிகிதம்தான். செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்களால்தான் செத்தன: வண்டி ஏறி, அடிபட்டு, விஷம் வைத்து, தாயிடமிருந்து தூக்கிக்கொண்டு போய்.

ஆக ஈத்துக்கு நாலு குட்டி, வருடத்துக்கு ஒரு ஈத்து, தாய் ஐந்து வருடம் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20 குட்டி. ஐந்தில் ஒன்று பிழைத்தால் 4. அதில் இரண்டு பெட்டை. அதாவது ஐந்து வருடத்தில் ஒரு பெட்டை இருந்த இடத்தில் இரண்டு. ஐந்து வருடத்தில் முதல் இரட்டிப்பாகிறது என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 15 சதவிகிதக் கூட்டுவட்டி. எந்த பேங்க்கும் தராத வட்டி இது! மீதி 16 குட்டி? கணக்கிலிருந்து தள்ளுபடி. ரோட்டோரம் ஒட்டிக் கிடப்பவை.

இப்போது இதற்குள் கருத்தடையைக் கொண்டுவருவோம். பெட்டைகளில் பாதிக்குக் கருத்தடை செய்தால், மீதிப் பாதி இரண்டிரண்டாக விட்டுப்போவதில் எண்ணிக்கை அப்படியே நிற்கும், குறையாது. 70 சதவிகிதத்துக்குச் செய்தால் பத்து இருந்த இடத்தில் ஆறு ஆகும். 30 சதவிகிதத்தோடு நிறுத்திக்கொண்டால்? பத்து இருந்த இடத்தில் பதினாலு. இது காகிதக் கணக்குதான், நிஜத்தில் அங்கேயும் இங்கேயும் அசையும். ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. பாதியைத் தாண்டாத கருத்தடைத் திட்டம் என்பது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது. "இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்தோம்" என்று உள்ளாட்சிகள் அறிக்கை விடும்போது கைதட்டுவதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. எத்தனையில் எத்தனை? எந்தத் தெருவில் எத்தனை சதவிகிதம்? பத்து வார்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுவிட்டு வருவதைவிட ஒரு வார்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போவது மேல். ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. அவர் சுலபமாக மாட்டுகிற நாயைத்தான் பிடிப்பார். தடவிக்கொடுத்தால் வாலாட்டி வருகிற நாய் மாட்டும், குட்டியோடு பாலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கிற பெட்டை மாட்டாது.

இவ்வளவும் செய்து ஒரு வார்டை முடித்தாலும், நாலாவது மாதம் விடிகாலையில் அந்தச் சாக்கு மூட்டை வந்து இறங்கும். மேலே போட்ட கணக்கில் அந்த மூட்டை இல்லவே இல்லை! அது வெளியிலிருந்து வருகிற வரவு. வீட்டில் நன்றாகத் தின்று வளர்ந்த தாய் போட்ட குட்டிகள் தெருக் குட்டிகளைவிடத் தெம்பாக வேறு இருக்கும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கலாம், தினக்கூலி கிடைக்கும், தரை காயாது.

ரேபிஸ் விஷயத்திலும் இதுதான் முடிச்சு. நோயைத் தடுப்பது தடுப்பூசி, கருத்தடை இல்லை. ஆனால் இன்றைக்கு ஊசி போட்ட நாய்கள் செத்துப்போய், அந்த இடத்துக்கு ஊசி போடாத குட்டிகள் வந்துகொண்டே இருந்தால் போட்ட ஊசி எல்லாம் வீண். 2025-ல் சென்னை மாநகராட்சி தெருநாய்களுக்கு மொத்தமாக ரேபிஸ் ஊசி போடும் வேலையைத் தொடங்கியது. நல்ல காரியம். அடுத்த ஈத்து பிறக்கும்போது அதன் பலன் கரைய ஆரம்பிக்கும்.

இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? 2024-ல் தமிழ்நாட்டில் மட்டும் பதிவான நாய்க்கடி ஏறக்குறைய 4.8 லட்சம். நாடு முழுக்க 37 லட்சம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட கிடையாது. இந்தியாவில் வருடத்துக்கு 5,726 பேர் அதில் சாகிறார்கள் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. கடிபடுகிறவர் யார் என்று பார்த்தால், ஏசி காரில் போகிறவர் இல்லை. விடிகாலையில் பேப்பர் போடுகிற பையன், பால் பாக்கெட் போடுகிறவர், குப்பை வண்டி தள்ளுகிற அக்கா, ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர், தெருவில் விளையாடுகிற குழந்தை. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான். ஆனால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை வரிசையில் நிற்கவேண்டும். நாலு நாள் கூலி போச்சு. (தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி என்று இன்னும் பயந்துகொண்டு போகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய ஊசியை இந்தியா 2005-லேயே நிறுத்திவிட்டது. இப்போது போடுவது கையில். கடித்த இடத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பாமல் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தப்பில்லை.)

குட்டியை விட்டுவிட்டுப் போனவருக்குச் செலவு நூறு ரூபாய். மிச்சச் செலவு மொத்தமும் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கில் எழுதப்படுகிறது. இதைத்தான் காசு விஷயத்தில் செய்தால் மோசடி என்பார்கள்.

அடுத்தது "உயிர்தானே" கட்சி. இவர்களிலும் நிஜமாக உழைப்பவர்கள் உண்டு, கைக்காசு போட்டு ஆட்டோ பிடித்து நாயை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய், ஐந்து நாள் வைத்திருந்து, திரும்ப அதே தெருவில் விடுகிறவர்கள். அவர்களைப் பற்றிப் பேச்சில்லை, கும்பிடு போடலாம். பேச்சு மற்றவர்களைப் பற்றி. தினமும் இரண்டு பாக்கெட் பிஸ்கட் உடைத்துப் போட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, கருத்தடை என்றதும் "ஐயோ பாவம், இயற்கைக்கு விரோதம்" என்று முகத்தைச் சுளிப்பவர்கள். இருபதில் பதினாறு குட்டி ரோட்டில் சாவது மட்டும் இயற்கையா? சோறு போட்டுக் கருத்தடை செய்யாமல் விடுவது என்பது, அடுத்த ஈத்து நன்றாகப் பிழைத்து வர உதவி செய்வது. கருணைதான், அரைக் கருணை.

இயற்கைக்கு விரோதம் என்கிற பேச்சே கிராமத்து ஆளிடம் எடுபடாது. உழவு மாட்டுக்குக் காயடித்துத்தான் இந்த ஊரில் ஏர் ஓடியது. கிடாய்க்குக் காயடித்துத்தான் வளர்க்கிறார்கள். அதுவும் அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது, நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மாட்டுக்குத் தயங்காத கை நாய்க்கு மட்டும் ஏன் நடுங்குகிறது? மாட்டில் வருமானம் இருந்தது, நாயில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். அது போகட்டும், ஊரெல்லாம் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து, மனிதர்களுக்கே குடும்பக்கட்டுப்பாடு சொல்லி, அதில் நாட்டுக்கே முன்னோடி என்று பேர் வாங்கிய மாநிலம் இது.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்று ஒரு நம்பிக்கை வேறு. கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதற்கு நேர் மாறு. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெட்டைகளுக்கு மார்புக்கட்டி வருவது வெகுவாகக் குறைவு. கருப்பையில் சீழ் பிடிக்கிற நோய், வயதான பெட்டைகளைக் கொல்வது, கருப்பையையே எடுத்துவிட்டால் வருவதற்கு இடமே இல்லை. தெருநாய்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற, புணர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும் புற்றுக்கட்டியும் தவிர்ந்துபோகும். "காவல் காக்காது, சோம்பேறி ஆயிடும்" என்பது இன்னொரு புளுகு. ஆபரேஷன் எடுப்பது கருப்பையையோ விதையையோதான். குரைப்பை எடுப்பதில்லை.

சாதி நாய் வாங்குகிறவர்களையும் சும்மா விடக்கூடாது. மே மாத வெயிலில் சென்னை ஃப்ளாட்டில் ஹஸ்கி வளர்க்கிற கொடுமையை எந்தக் கணக்கில் எழுதுவது? குட்டி விற்றால் காசு என்று மொட்டைமாடியில் கூண்டு போட்டு ஈத்துக்கு மேல் ஈத்து எடுக்கிறார்கள். 2017-ல் வந்த மத்திய விதிகள் 18 மாதத்துக்குக் குறைந்த பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக்கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்றெல்லாம் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண்ணே சரியாகத் திறக்காத குட்டியைத் தூக்கிக் காட்டுகிற வியாபாரியிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துத் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடே ரெண்டுபட்டது. 22-ம் தேதியே வேறு அமர்வு அதை மாற்றி, வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் மாதிரி இடங்களில் இருப்பவற்றை மட்டும் அப்புறப்படுத்தவும், அங்கே திரும்ப விடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. நீதிமன்றம் சொன்னது சரியா தப்பா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். காப்பகம் காப்பகம் என்று குதித்தவர்கள் யாராவது சிலேட்டு எடுத்தார்களா? சென்னையின் 1.8 லட்சம் நாய்க்கும் தலைக்குத் தினம் 40 ரூபாய்ச் சாப்பாடு என்று குறைவாகவே வைத்தாலும், நாளைக்கு 72 லட்சம். வருடத்துக்கு 262 கோடிக்கு மேல். இடம், கட்டடம், ஆள், மருந்து எல்லாம் தனி. விலங்குநல வாரியம் ஒரு நாய்க்குப் பிடித்துவிடும் கூலி உட்படப் பரிந்துரைத்த 1,650 ரூபாய் கணக்கில், அதே 1.8 லட்சத்துக்கும் கருத்தடை செய்ய ஆகும் செலவு 29.7 கோடி. வருடா வருடம் இல்லை, நாய்க்கு ஒரே ஒரு தடவை.

இப்போது வீட்டு நாய்க்கு வருவோம். தெருநாய்க்கு அரசாங்கம் 1,650 ரூபாய் கொடுக்கத் தயார். அந்தத் தெருநாயைப் பெறப்போகிற வீட்டு நாய்க்கு ஒரு பைசா கொடுக்கத் தயாரில்லை, "அது ஓனர் பாடு". வீட்டு நாயைப் பிடிக்க ஆள் வேண்டாம், வலை வேண்டாம், வண்டி வேண்டாம். வீட்டுக்காரரே கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு வருவார். ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவும் வேண்டாம், சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும். தெருநாயைவிடக் குறைந்த செலவில் முடிகிற வேலையை விட்டுவிட்டு, அதே நாயின் குட்டிகளை ஒரு வருடம் கழித்துத் தெருவில் துரத்திப் பிடிப்பதற்கு அதிகக் காசு கொடுக்கிற நிர்வாகத்தை என்னவென்று சொல்வது?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1971-லேயே நகராட்சி செலவில் மலிவுக் கருத்தடைக் கிளினிக் திறந்தது. அப்போது அமெரிக்கக் காப்பகங்களில் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் நாயும் பூனையும் கொல்லப்பட்டன என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. 2019-ல் அது 9.2 லட்சம். அதுவும் அதிகம்தான், ஆனால் எங்கிருந்து எங்கே! அங்கே பல ஊர்களில் கருத்தடை செய்த நாய்க்கு லைசென்ஸ் கட்டணம் குறைவு, செய்யாத நாய்க்குப் பல மடங்கு. சென்னையில் 2023-ல் இணையவழியில் லைசென்ஸ் தர ஆரம்பித்தபோது எல்லா நாய்க்கும் ஒரே கட்டணம், 50 ரூபாய். அதையும் எடுக்க ஆளில்லை. 2024 மே மாதம் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறிய பிறகுதான் ஜனம் விண்ணப்பத்தைத் தேடி ஓடியது.

செய்யவேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. போலியோ சொட்டு மருந்துக்கு இதே மாநிலம் தெருமுனைக்குத் தெருமுனை மேஜை போட்டது. வார்டுக்கு வருடத்தில் சில நாள், ரேஷன் கார்டு காட்டினால் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இலவசக் கருத்தடை. வசதி உள்ளவர்களுக்கு அடக்க விலை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலையிலேயே நாயும் பூனையுமாகக் கூட்டம் நிற்கிறது. பூந்தமல்லியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் நாயை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அங்கே போக முடியாது, ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசுக்கு மனசு வராது. ஆகவே ஆபரேஷன் தெருவுக்கு வரவேண்டும். லைசென்ஸ் கருத்தடை செய்தவருக்கு இலவசம், செய்யாதவருக்கு வருடத்துக்கு ஆயிரங்களில், குட்டி விற்கிறவருக்கு அதைவிட அதிகம். அந்தப் பணம் அப்படியே இலவச ஆபரேஷனுக்குப் போகட்டும். கைவிடுகிறவருக்கு 50 ரூபாய் அபராதம் என்கிற கேலிக்கூத்தைப் பாராளுமன்றம் மாற்றவேண்டும், அதற்குக் குரல் கொடுக்கத் தமிழ்நாட்டு எம்பிக்களுக்கு ஒரு கூடுதல் உரிமையும் இருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல்தான்.

பூனையைப் பற்றி இதுவரை யாருமே வாயைத் திறக்கவில்லை. அது கடித்துச் செய்தியில் வருவதில்லை, அதனால் கணக்கெடுப்பில் தேடுவாரும் இல்லை. ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்து, வருடத்துக்கு இரண்டு மூன்று ஈத்து போடுகிற பிராணி அது. அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயில் மதிலோரம் விட்டுப்போகிற குட்டிகளில் நாயைவிட அதுதான் அதிகமாக இருக்கும். வார்டில் மேஜை போடுகிற அன்றைக்கு, பக்கத்தில் பூனைக்கும் ஒரு கூண்டு சேர்த்து வைத்துவிடலாம்.